பாறைக்கு ஒரு கம்பு

“என்ன வேணும்?” என்று கேட்டார் கடைக்காரம்மா.

“ஒடியாத தூண்டில் கம்பு ஒண்ணு வேணும்” என்றார் ஷட்டர்.

கடைக்காரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஈயக்குண்டுகளைப் பெரிசு சிறிசாகப் பிரித்து டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தார். “அப்படி ஒண்ணை இன்னும் யாரும் செய்யல. செஞ்சாங்கன்னா நான் கடையை மூடிட்டு வீட்ல உக்காந்துடுவேன்” என்றார்.

ஷட்டர் என்பது அவருடைய பெயர் இல்லை, பிழைப்பு. கடைத்தெருவில் இருக்கும் இரும்பு ஷட்டர்களையெல்லாம் மாட்டுவதும் கழற்றுவதும் எண்ணெய் போடுவதும் அவர்தான். காலையில் ஒரு ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் அடம் பிடித்தால், வெளியே நிற்கும் முதலாளி அதை நன்றாக உதைத்துவிட்டு, அப்புறம் இவருக்குப் போன் போடுவார். இவர் வந்ததும் முதலில் கேட்பது, “எத்தனை உதை விட்டீங்க?” என்பதுதான். ஒன்றுகூட விடவில்லை என்று எல்லா முதலாளிகளும் சாதிப்பார்கள். நசுங்கிய தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, இவர் அவர்களுடைய செருப்பைப் பார்ப்பார். அவ்வளவுதான், முதலாளி டீ வாங்கிவரக் கிளம்பிவிடுவார்.

மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு துணிக்கடையின் கிடங்கை ஒட்டிய நீளமான அறையில் அவருடைய பட்டறை. சுவர் முழுக்கச் சுருள் ஸ்பிரிங்குகள் தொங்கும். கிரீஸ் டப்பாவின் மூடி என்றைக்கோ தொலைந்துபோய், அதன் மேல் ஒரு பழைய தட்டு கவிழ்ந்திருக்கும். அரட்டை, கூட்டம், கும்பல் எதுவும் அவருக்கு ஆகாது. வாரம் பூராவும் இரும்பு, ஞாயிற்றுக்கிழமை கடல். அதற்கு மேல் அவர் எதற்கும் ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை.

கம்பை அவர் பார்த்த பார்வையும் இரும்பைப் பார்க்கிற பார்வைதான். சுவரோரம் நிறுத்தியிருந்த கம்புகளில் இருப்பதிலேயே தடியானதாக ஒன்றை உருவினார். நுனியைத் தரையில் ஊன்றி வளைத்தார். சட்டென்று விட்டார். பழையபடி நேரே வந்து நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். ஸ்பிரிங்கை அப்படித்தான் சோதிப்பார். வளைவது பெரிய காரியமில்லை, திரும்பி வருகிறதா என்பதுதான் அவருக்குக் கேள்வி.

“போன கம்பு எப்படி ஒடிஞ்சது?” என்றார் கடைக்காரம்மா.

“பாறை இடுக்குல மாட்டிக்கிச்சு.”

“எந்த இடத்துல ஒடிஞ்சது?”

“பிடிக்குக் கொஞ்சம் மேல.”

கடைக்காரம்மா இப்போதுதான் தலையைத் தூக்கினார். “இடுக்குல மாட்டினா நுனி போகும். பெரிய மீனை வெடுக்குனு தூக்கினா நடுவுல போகும். பிடிக்கு மேல போயிருக்குன்னா அது மேல ஆள் விழுந்திருக்கு.”

பொய் சொன்ன முதலாளிகளின் முகம் எப்படியிருக்கும் என்று ஷட்டருக்குத் தெரியும். தன் முகமும் இப்போது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

“யார் விழுந்தது? நீங்களா?”

“இல்ல. இன்னொருத்தர்.”

“இன்னொருத்தர்னா?”

“கூட வர்றவர்” என்று மென்று முழுங்கினார் ஷட்டர்.

கூட வருகிறவர் யார் என்பதை ஒரு வார்த்தையில் சொல்ல முடியாமல்தான் அவர் இத்தனை நாளாகத் திண்டாடிக்கொண்டிருந்தார். போன வருஷம்வரை அந்தத் திண்டாட்டம் இல்லை. கூட வருகிறவர் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் புருஷன். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். லென்ஸைத் தேய்த்து, ஃபிரேமில் பொருத்தி, ஊசிமுனை அளவு திருகாணியை முடுக்குகிற கை. கல்யாணமான புதிதில் அவர் வீட்டுக்கு வந்தால், மச்சானும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேச ஒரு விஷயமும் கிடைக்காது. பார்க்கச் சகிக்காமல் தங்கைதான், “ரெண்டு பேரும் எங்கேயாவது போய்ட்டு வாங்களேன்” என்று துரத்திவிட்டாள். போன இடம் கடலோரப் பாறை. அங்கே பேச வேண்டிய அவசியமே இல்லை என்று தெரிந்ததும் ரெண்டு பேருக்கும் ஒருவரையொருவர் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

ரெண்டு பேருக்குமாக ஒரே கம்புதான். இன்னொன்று வாங்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. காரணம், ஷட்டரின் விரல்களுக்கு மெல்லிய நைலான் நரம்பில் தூண்டில் முள்ளைக் கட்ட வராது. முடிச்சுப் போட்டு முடிப்பதற்குள் முள் அவருடைய கட்டைவிரலில்தான் மாட்டியிருக்கும். மாப்பிள்ளைக்கோ தோளில் வலு கிடையாது. அவர் வீசினால் ஈயக்குண்டு காலடியிலேயே விழுந்து நண்டுகளைப் பயமுறுத்தும். ஆக, ஒருவர் முள்ளைக் கட்டி இரை கோத்துக் கொடுப்பார், மற்றவர் வீசுவார். ரெண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு மீன்பிடிக்காரன் தேறும்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. முள் கட்டுகிறவர் குனிந்திருப்பார். கடல் அவருடைய கண்ணில் படாது. அவருக்கும் சேர்த்துக் கடலைப் பார்த்துக்கொள்வது நின்றுகொண்டிருக்கிறவரின் வேலை. சும்மா வருகிற அலை எது, பாறைமேல் ஏறி வரப்போகிற அலை எது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏறுகிற அலை தெரிந்ததும் ஷட்டர், “மாப்பிள்ளே” என்று ஒரு குரல் கொடுப்பார். ஏன், எங்கே என்று மாப்பிள்ளை ஒரு நாளும் கேட்டதில்லை. தலையைத் தூக்காமலே நாலு எட்டு பின்னால் தாவிவிடுவார். அத்தனை வருஷத்தில் அவருடைய முழங்காலுக்கு மேல் நனைந்ததே இல்லை.

அப்படியிருக்கையில்தான் தங்கை ஒருநாள் ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். அவளும் புருஷனும் பிரிந்துவிடப் போகிறார்களாம்.

ஷட்டர் அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார்.

“அடிச்சாரா?”

“இல்லண்ணே.”

“குடிக்கிறாரா?”

“இல்ல.”

“வேற யாராவது?”

“அதெல்லாம் ஒண்ணுமே இல்லண்ணே. அதைத்தான் சொல்றேன். எங்களுக்குள்ள ஒண்ணுமே இல்ல. வீட்ல ரெண்டு பேர் இருந்தோம், பேசினது ரேடியோ மட்டும்தான். அவருக்கும் இது தெரியும். அவர்கிட்டயே கேட்டுப் பாரு.”

அவர் கேட்கவில்லை. பாறையில் நல்ல குணமாக இருந்த அந்த மௌனம், வீட்டுக்குள் போனதும் எப்படி வியாதியாக மாறியது என்று அவருக்குப் புரியவே இல்லை. சண்டை என்றால் சமாதானம் பேசலாம். சண்டையே போடாதவர்களிடம் போய் என்னத்தைப் பேசுவது? விவாகரத்துக்கு ரெண்டு பேருமே சம்மதித்து, ரெண்டு பேருமே கோர்ட்டுக்கு ஒரே பஸ்ஸில் போய் வந்தார்கள். பாத்திரம் பண்டங்களைப் பிரித்ததிலும் தகராறு இல்லை. தூண்டில் கம்பைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அது கண்ணாடிக்காரரிடமே இருந்தது. தங்கை அண்ணன் வீட்டுப் பின்னறைக்கு வந்துவிட்டாள். அவள் பார்சல் ஆபீஸில் எடைபோடும் பிரிவில் இருக்கிறாள். அங்கிருந்து பின்னறை பக்கம்தான் என்று எல்லோரும் ஆறுதல்பட்டுக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷட்டர், சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். கால் தானாகக் கடலோரத்துக்குப் போனது. கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு கண்ணாடிக்காரர் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவரும் சும்மா நடக்கத்தான் வந்திருப்பார்.

அன்றைக்கு ஆரம்பித்தது அந்தக் கூத்து. மாப்பிள்ளை என்று கூப்பிட முடியாது. அந்த உறவுதான் கோர்ட்டில் தீர்ந்துவிட்டதே. மச்சான் என்று அவரும் கூப்பிட முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிடலாமா என்றால், இத்தனை வருஷம் கழித்து அது முகத்தில் அடித்தாற்போல இருக்கும். அதனால் ரெண்டு பேரும் ஆளே இல்லாத தமிழைப் பேச ஆரம்பித்தார்கள். “சாப்பிட்டாச்சா?” “ஆச்சு.” “போலாமா?” “போலாம்.” “இரை கொண்டாந்தாச்சா?” “பையில இருக்கு.” ரொம்பவும் தேவைப்பட்டால் ஒரு இருமல். நம்முடைய பாஷையில் இந்த வசதி ஒன்று இருக்கிறது. யாரோடு பேசுகிறோம் என்று காட்டிக்கொள்ளாமலே ஒரு நாளை ஓட்டிவிடலாம். வீட்டில் தங்கையிடம், துறைமுகச் சுவரில் தனியாக நின்று தூண்டில் போட்டேன் என்று ஷட்டர் பூசி மெழுகினார். அவள் சரி என்றாள். மீனை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இருமலும் ஆச்சும் போச்சுமாக மாசக்கணக்கில் ஓடியது. பிறகு ஒருநாள் அந்த அலை வந்தது.

ஷட்டர் அதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். அதில் தப்பில்லை. கண்ணாடிக்காரர் குனிந்து முள் கட்டிக்கொண்டிருந்தார், கம்பு மடியில் கிடந்தது. ஷட்டர் வாயைத் திறந்தார். “மா” என்று பாதி வந்தது. வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது. வேறு என்ன சொல்வது என்று மனசு தேடியது. இருமினார். பாவி மனுஷர், ஆளை அடித்துக்கொண்டு போகிற அலை வருகிறது, இருமினார். கண்ணாடிக்காரர் நிமிர்ந்து, “என்ன?” என்பதுபோலப் பார்த்தார். அதற்குள் தண்ணீர் அவரைத் தூக்கி இடுக்கில் போட்டுவிட்டது. கம்பு அவருக்குக் கீழே அகப்பட்டு, பிடிக்கு மேலே ரெண்டாகப் போனது. மணிக்கட்டு எலும்பும் முறிந்தது. மூக்குக் கண்ணாடி கடலோடு போனது.

ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிற அம்மா, தள்ளுவண்டியில் கிடந்தவரைக் காட்டி ஷட்டரிடம் கேட்டார். “இவருக்கு நீங்க என்ன வேணும்?”

ஈரச் சட்டையோடு, நடுங்கிக்கொண்டு, வாயில் வந்ததைச் சொன்னார் ஷட்டர். “ஒண்ணும் வேணாங்க.”

“ஒண்ணும் வேணாம்னா? சொந்தமா?”

“இல்லீங்க. சொந்தம்லாம் இல்ல. கூட நின்னவன்.”

தள்ளுவண்டியில் கிடந்தவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கண்தான் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். அதற்குப் பிறகு ஷட்டர் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. தங்கைக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாள் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டார். உண்மையில் அவருக்கு வெட்கமாக இருந்தது. இப்படியே விட்டால் அந்த மனுஷரை ஒரேயடியாக இழந்துவிடுவோம் என்று தெரிந்தே, வாரக்கணக்கில் ஆறப்போட்டார். எதையாவது செய்தாக வேண்டும் என்று ஆனபோது அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். ஒடிந்ததற்குப் பதில் ஒடியாததாக ஒன்று வாங்குவது.

“ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?” என்று கேட்டார் கடைக்காரம்மா.

“கம்புதானே கேட்டேன்.”

“அதான் நானும் கேக்கறேன். ஒரே ஆள்னா ஒரு கையில கம்பு, ஒரு கையில கைவலை. அதுக்குக் குட்டையா, கனமா, முரட்டு ஃபைபர்ல எடுக்கலாம். கீழ போட்டாலும் பாறையில இடிச்சாலும் தாங்கும். ரெண்டு பேர் மாத்தி மாத்திப் பிடிப்பாங்கன்னா நீளமா, கொஞ்சம் லேசா வேணும். முழுக் கார்பன் வேணாம். லேசா இருக்கும், நல்லா எறியும், ஆனா பாறையில ஒரு கீறல் விழுந்தா அப்புறம் எப்ப ஒடியும்னு அதுக்கே தெரியாது.”

ரெண்டு பேர் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லிவிட்டு, அந்த ரெண்டாவது ஆள் வராமல் போனால்? “ஒருத்தருக்கு” என்றார் ஷட்டர். கையிலிருந்த தடிக் கம்பையே கட்டித் தரச் சொன்னார்.

“தனியா பாறை மேல போகாதீங்க” என்று சொல்லிக்கொண்டே கடைக்காரம்மா அதைக் காகிதத்தில் சுற்றினார். “துறைமுகச் சுவர் ஓரமா கம்பி பிடிச்சுக்கிட்டு நில்லுங்க.”

வீட்டில், நடையில் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அதைச் சாய்த்துவைத்தார். மறைத்துவைக்க நினைத்தாலும் அத்தனை நீளத்தை மறைக்கிற இடம் அந்த வீட்டில் இல்லை. “வீட்டுக்கு ஷட்டர் போடவா வாங்கிட்டு வந்தீங்க?” என்று கேட்டுவிட்டு அவருடைய மனைவி அடுப்பைக் கவனிக்கப் போனார். சாயங்காலம் தங்கை வேலையிலிருந்து வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் கம்பை ஒரு கையால் தூக்கினாள். ஏற்றி இறக்கிப் பார்த்தாள். காலையிலிருந்து மாலைவரை பார்சல் தூக்குகிறவள், தராசில் வைப்பதற்கு முன்பே எடை அவளுடைய கைக்குத் தெரிந்துவிடும்.

“இது யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“உனக்கு முள்ளு கட்டத் தெரியாதே.”

ஷட்டர் செய்தித்தாளைப் புரட்டினார். அது நேற்றையது.

“அவருக்குக் கட்டு இன்னும் பிரிக்கல” என்றாள் தங்கை.

செய்தித்தாள் மடியில் இறங்கியது. “உனக்கு எப்படித் தெரியும்?”

“லென்ஸ் பார்சல் எங்க ஆபீஸுக்குத்தானே வருது. வாங்க வந்தார். கையெழுத்துப் போடுங்கன்னேன், போட்டார். ஒரு கையால அந்தப் பெட்டியை எப்படித் தூக்குவார்? கயித்துல ஒரு பிடி கட்டிக் கொடுத்தேன். தேங்க்ஸ்னு சொன்னார். அவ்வளவுதான் பேசினோம். பாறையில விழுந்துட்டாராமேன்னு கூட நின்னவங்க பேசிக்கிட்டாங்க. தனியா அந்தப் பாறைக்குப் போற ஆளா அவர்?” அவள் கம்பைச் சுவரில் சாய்த்தாள். “நீ போய்ப் பாத்தியா?”

“இல்ல.”

“ஏன்?”

“உனக்காகத்தான். நீ இங்க இருக்கும்போது நான் அங்க போனா நல்லாவா இருக்கும்?”

தங்கைக்கு அப்போதுதான் கோபம் வந்தது. விவாகரத்துப் பேச்சின்போதுகூட அவள் இப்படிக் கோபப்படவில்லை. “என் பேரைச் சொல்லித் தப்பிச்சுக்காதண்ணே. நான் என் புருஷனைத்தான் வேணாம்னு சொன்னேன். உன் சிநேகிதரை வேணாம்னு என்னைக்காவது சொன்னேனா? துறைமுகச் சுவருக்குப் போனேன்னு சொல்லி நீ கொண்டாந்ததெல்லாம் பாறை மீன். வாய் திறக்காம நான் அதைக் கழுவிக்கிட்டு இருந்தேனே, எதுக்கு? நீயாவது அங்க போய் வரட்டும்னுதான்.”

தங்கை குரலைத் தணித்துக்கொண்டாள்.

“ஆனா ஒண்ணு. உன் மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். அப்படியே போய் வந்துக்கிட்டு இருந்தா என்னைக்காவது நாங்க மறுபடியும் சேர்ந்துடுவோம்னு நினைக்கிறே. அது நடக்காது. அதுக்காகப் போகாதே. உனக்குப் போகணும்னா போ.”

“சேச்சே. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல” என்றார் ஷட்டர். அப்படியேதான் இருந்தது. எல்லாம் சும்மா வளைந்திருக்கிறது, விட்டால் பழையபடி நேரே வந்துவிடும் என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

“இந்தக் கம்பை மாத்திட்டு வா. இவ்வளவு கனம் ஆகாது. கட்டுப் பிரிச்ச கையில இதைக் கொடுத்தா மறுபடியும் மணிக்கட்டு போயிடும்” என்று சொல்லிவிட்டு அவள் முகம் கழுவப் போனாள். குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஷட்டர் எழுந்து போய்க் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பிறகு நினைத்தார்.

மறுநாள் காகிதம்கூடப் பிரிக்காத கம்பைக் கொண்டுபோய் வைத்ததும், கடைக்காரம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “ரெண்டு பேருக்கு” என்று இவரே சொன்னார். ஃபைபரும் கார்பனும் கலந்து செய்த ஒன்றை அவர் எடுத்துக் கொடுத்தார். ஆளைவிட ரெண்டு மடங்குக்கும் மேலே நீளம், நடுவில் கழற்றி மாட்டுகிற ஒரே ஒரு இணைப்பு. குடைபோல உள்ளே இழுத்துக்கொள்கிற கம்புகளில் மணல் போய் அடைத்துக்கொள்ளும், பாறைக்கு அவை ஆகாது என்றார். நரம்பு ஓடுகிற வளையங்கள் ஒவ்வொன்றும் ரெண்டு காலில் நின்றன. ஷட்டர் ஊன்றினார், வளைத்தார், விட்டார். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். இணைப்பில் மட்டும் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். எந்தச் சாமானும் இணைப்பில்தான் முதலில் போகும் என்பது அவருடைய தொழில் அனுபவம்.

கண்ணாடிக் கடைக்குள் நீளமான கம்போடு நுழைவது லேசான காரியமில்லை. ரெண்டாகக் கழற்றியும்கூட நுனி, சுவரிலிருந்த எழுத்துப் பலகையை இடித்தது. பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்துவரை எல்லாம் ஒரு ஆட்டம் ஆடி நின்றன. கண்ணாடிக்காரர் கட்டுப் போட்ட கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு மற்ற கையால் ஒரு ஃபிரேமைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“உக்காரலாம்” என்றார், சுவரிடம் சொல்வதுபோல.

ஷட்டர் உட்காரவில்லை. “ஆஸ்பத்திரியில நான் சொன்னது” என்று ஆரம்பித்தார்.

“கேட்டுச்சு.”

“என்ன சொல்றதுன்னு தெரியல. அதான்.”

“எனக்கும்தான் தெரியல” என்றார் கண்ணாடிக்காரர். “அந்தம்மா அப்புறம் என்கிட்ட வந்து, உங்களைக் கூட்டிட்டு வந்தவர் யாருன்னு கேட்டாங்க.”

“என்ன சொல்லியாச்சு?”

“ஷட்டர் ரிப்பேர் பண்றவர்னு சொன்னேன்.”

ஷட்டர் யோசித்துப் பார்த்தார். “அப்ப அந்தம்மா என்ன நினைச்சிருப்பாங்க?”

“ஷட்டர் ரிப்பேர்காரங்களே ஒருவேளை இப்ப ஆம்புலன்ஸ் வேலையும் பாக்கறாங்க போலன்னு நினைச்சிருப்பாங்க.”

ரெண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் சிரித்தார்கள். உள்ளே வந்த ஒரு வாடிக்கையாளர் கம்பையும் கட்டுக் கையையும் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். சிரித்து முடித்ததும் கண்ணாடிக்காரர் கம்பை மேஜைமேல் படுக்கவைத்து, லென்ஸ் பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வளையங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வளையத்துக்குள் மயிரிழை விரிசல் இருந்தாலும் நரம்பை அறுத்துவிடும். கடைசி வளையம்வரை பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு” என்றார். விலையைக் கேட்கவில்லை. எப்போது போகலாம் என்று கேட்டார். அதையும், “எப்பப் போறது?” என்றுதான் கேட்டார்.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு காலையில் போனார்கள். கண்ணாடிக்காரர் புது மூக்குக் கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் கட்டியிருந்தார். கடல் அமைதியாகத்தான் இருந்தது. ஷட்டர் புதுக் கம்பை முதல் தடவை வீசியதும் ஈயக்குண்டு பாறைகளையெல்லாம் தாண்டிப் போய் விழுந்தது. ரெண்டு சின்ன மீன் கிடைத்தது. மூன்றாவது எதுவோ இரையையும் முள்ளையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. கண்ணாடிக்காரர் வேறு முள் கட்ட விளிம்புக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார். கை முன்போல வேகமாக ஓடவில்லை.

ஷட்டர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சும்மா வருகிற அலைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் அடியில் கனத்துக்கொண்டு வந்தது. ஏறுகிற அலை. வாயைத் திறந்தார். மாப்பிள்ளை என்ற சொல்லைத் தேடி மனசு போகவில்லை, இருமல் பக்கமும் போகவில்லை.

“டேய். பின்னால வாடா.”

தங்கையின் புருஷனை யாரும் டேய் என்று கூப்பிடமாட்டார்கள். எத்தனை பழகினாலும், எத்தனை வயசானாலும், அங்கே ஒரு மரியாதை குறுக்கே நிற்கும், அது நிற்கத்தான் வேண்டும். அத்தனை வருஷமும் நீங்க, வாங்க, போங்க என்று பேசிய வாயிலிருந்து வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கண்ணாடிக்காரர் நாலு எட்டு இல்லை, எட்டு எட்டு தாவிப் பின்னால் வந்து விழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் அலை ஏறி, நின்று, நுரையாக வழிந்து இறங்கியது.

கண்ணாடிக்காரர் தெறித்த தண்ணீரைக் கண்ணாடியிலிருந்து துடைத்து மாட்டிக்கொண்டார். ஷட்டரின் முகத்தைப் பார்த்தார்.

“ஏண்டா இப்படிக் கத்தறே” என்றார். “காது நல்லாத்தான் கேக்குது.”

ஷட்டருக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தின் நடுவிலேயே, எங்கிருந்தோ, தாங்க முடியாத ஒரு துக்கமும் வந்தது. எந்தப் பெயரும் சொல்லாமல் மாசக்கணக்கில் அவர் காலியாகப் போட்டு வைத்திருந்தது மாப்பிள்ளையின் இடத்தை. என்றைக்காவது திரும்பி வந்து உட்காருவார் என்றுதான் வைத்திருந்தார். இனி வர மாட்டார். கோர்ட்டில் முடியாத தங்கையின் கல்யாணம் இந்தப் பாறைமேல், தன் வாயாலேயே முடிந்தது என்று அவருக்கு விளங்கியது. அவளுக்கு இதெல்லாம் எப்போதோ விளங்கியிருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு தனியாக நின்றாளே, அப்போது போய்ப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

கண்ணாடிக்காரர் முள்ளைத் தேடிப் பாறையில் தடவிக்கொண்டிருந்தார்.

“உக்காந்து கட்டுடா” என்றார் ஷட்டர், கடலிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் பாத்துக்கறேன்.”